நாற்பது ஆண்டு பீடி பிடித்தவர் இப்போது நிறுத்தி என்ன பயன்?

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், "போன நுரையீரல் திரும்பி வரவா போகிறது?" என்று பீடியை விட மறுக்கிறார் என்கிறீர்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியைக் காட்டியவர் சார்லஸ் ஃபிளெட்சர் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு போலீஸ்காரருக்குப் பெனிசிலின் ஊசி போட்டவரும் அவரேதான். பிறகு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை ஆராயப் போனார். அதற்கும் பின், லண்டனில் வேலை பார்த்த 792 ஆண்களை எட்டு ஆண்டுகள் அவ்வப்போது கருவியில் ஊதச் சொல்லி, முதல் ஒரு விநாடியில் வெளிவரும் காற்றை அளந்தார். என்ன பொறுமை!

புள்ளியியலாளர் ரிச்சர்ட் பீட்டோவுடன் 1977இல் வெளியிட்ட முடிவு இது: வயதாக ஆக அந்த அளவு எல்லாருக்கும் மெல்லக் குறைகிறது, புகை ஒத்துக்கொள்ளாத உடல்வாகு உள்ளவர்கள் புகைத்தால் மளமளவென்று சரிகிறது. புகைப்பதை நிறுத்தினால் இழந்தது மீளாது. ஆனால் சரிவின் வேகம் புகைக்காதவருடைய அளவுக்குத் தணிந்துவிடும்.

இன்னொன்று, சளி கட்டுவது வேறு, இந்தச் சரிவு வேறு என்றும் அவர்கள் கண்டார்கள். ஆகவே "எனக்கு இருமலே இல்லையே" என்று அப்பா சொன்னால் நம்பிவிடாதீர்கள். இப்படி ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையின் தாளை டாக்டரிடம் வாங்கி வைத்து, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.