கிரிப்பை மாற்றும் முன் போல்ட்டைத் தொட்டுப் பாருங்கள்

கம்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கேரளாவில் வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு எழுதும் வேலை. கம்பம்மெட்டு வழியாகத் தினமும் பைக்கில் மலை ஏறி இறங்குகிறார். வண்டி ஏழு வருடப் பழைய 150 சிசி. "சாயங்காலம் வீட்டு வாசலில் இறங்கினால் இரண்டு கையும் மரத்துக் கிடக்கிறது, வலது கை கூடுதலாக. பூட்டைத் திறக்கக்கூட விரல் வளைவதில்லை. காலையில் ஏறும்போது இவ்வளவு இல்லை. கடையில் ஹேண்டில் கைப்பிடிக்கு மெத்தென்ற ஜெல் கிரிப் 900 ரூபாய் என்கிறார்கள். மெக்கானிக் ஹேண்டில்பாரையே மாற்றிவிடலாம் என்கிறார். எதைச் செய்வது?" இதுதான் கேள்வி.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. காலையில் குறைவு, சாயங்காலம் அதிகம் என்கிறீர்கள். ஏறும்போதுதான் என்ஜின் பாடுபடுகிறது. இறங்கும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை. அப்படியிருக்க, இறங்கும்போது கை அதிகமாக மரத்தால் என்ஜினை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இறக்கத்தில் உடம்பு முன்னால் சரிகிறது, மொத்த பாரமும் உள்ளங்கையில் இறங்குகிறது. வலது கை பிரேக்கை விடாமல் பிடித்திருக்கிறது. அழுத்திப் பிடித்த கைக்குள் அதிர்வு கூடுதலாக ஏறும். நாளைக்கு இறங்கும்போது முழங்காலால் டேங்கை இறுக்கிக்கொண்டு, முழங்கையைத் தளர்த்தி, கிரிப்பைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்துப் பாருங்கள். கியரை ஒன்று குறைத்து, என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்க விடுங்கள். லைசென்ஸ் கொடுக்க இந்தப் பக்கமும் எட்டு போடச் சொல்கிறார்கள், அந்தப் பக்கமும் எட்டு போடச் சொல்கிறார்கள். மெட்டு இறங்க எந்த கியர் என்று இரண்டு பக்கமும் ஒரு ஆள் கேட்டதில்லை.

அது போக, மிச்ச அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று ஒரு சோதனை செய்யுங்கள். உத்தமபாளையம் போகிற சமதளச் சாலையில், பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, 50 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விடுங்கள். அதிர்வு சட்டென்று நின்றால் என்ஜின் பக்கம். நிற்காமல் வேகத்தோடு சேர்ந்து மெதுவாகக் குறைந்தால் சக்கரம், டயர், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) பக்கம். காசில்லாத சோதனை. இதைச் செய்யாமல் எந்த உதிரிபாகமும் வாங்காதீர்கள்.

என்ஜின் பக்கம் என்று தெரிந்தால், ஒற்றை சிலிண்டர் வண்டி அதிரத்தான் செய்யும் என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 5000 சுற்று என்றால் நொடிக்கு 83 தடவை பிஸ்டன் மேலே போய்க் கீழே வருகிறது. அந்த உதறலைக் கம்பெனியிலேயே எதிர் எடை வைத்துக் குறைத்துத்தான் அனுப்புகிறார்கள், முழுதாகப் போக்க முடியாது. ஆனால் புதிதில் இல்லாத அதிர்வு இப்போது இருக்கிறது என்றால் ஏதோ தளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் என்ஜினைச் சேஸியோடு பிடித்திருக்கும் மவுண்டிங் போல்ட். மலைப் பாதையில் ஏழு வருடம் ஓடிய வண்டியில் அது இறுக்கமாக இருந்தால்தான் ஆச்சரியம். அடுத்தது, ஹேண்டில்பார் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ரப்பர் புஷ் உள்ள மாடல் என்றால் அந்தப் புஷ். நசுங்கிப்போயிருக்கும். அப்புறம் செயின், டயர் காற்று. செயின் எவ்வளவு தளர்வாக இருக்கலாம் என்று பல வண்டிகளில் ஸ்டிக்கரே ஒட்டியிருப்பார்கள்.

போல்ட்டை டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர் வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்குத்தான் முறுக்க வேண்டும். அந்த அளவு என்ன என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள், ராணுவ ரகசியத்தைக் கேட்ட மாதிரி பார்ப்பார்கள். விடாமல் கேளுங்கள்.

இப்போது அந்த மெக்கானிக்குக்கு வருகிறேன். எல்லாரையும் சொல்லவில்லை, நானும் இருபது வருடம் ஸ்பேனர் பிடித்தவன்தான். போல்ட் முறுக்கினால் 100 ரூபாய் கேட்கவே கூச்சமாக இருக்கும். ஹேண்டில்பார் மாற்றினால் கூலியும் வரும், கடையிலிருந்து கமிஷனும் வரும். அதனால்தான் கை மரக்கிறது என்று வாய் திறந்தவுடன் ஹேண்டில்பார் என்கிறார்கள். இதில் உங்களுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. நீங்கள் தினமும் எல்லை தாண்டுகிறவர். கேரள மோட்டார் வாகனத் துறை வண்டியில் செய்யும் மாற்றங்களை எப்படிப் பார்க்கும் என்று அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2019-இல் சட்டம் திருத்திய பிறகு, விதிக்கு ஒவ்வாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டிக்காரருக்கு 5000 ரூபாய் அபராதம் போட இடம் இருக்கிறது. கம்பெனி ஹேண்டில்பார் வளைந்து போயிருந்தால் அதே ஹேண்டில்பாரைப் போடுங்கள், போதும். "அகலமான பார் போட்டுக்கோங்க, செக்போஸ்டில் நம்ம ஆள் இருக்கார், பேப்பர் வாங்கித் தர்றேன்" என்று ஒரு புரோக்கர் வருவார். அந்தப் பேப்பர் எந்த அதிகாரி முன்னாலும் செல்லாது. ஹேண்டில்பாருக்கு ஒரு காசு, பேப்பருக்கு ஒரு காசு, அபராதம் தனி. எனக்குத் தெரிந்து மூன்று பேர் இப்படி ஏமாந்திருக்கிறார்கள். மூன்று பேரும் படித்தவர்கள்.

சரி, கிரிப். பழசு கல்லாக இறுகியிருந்தாலோ வழுக்கினாலோ மாற்றத்தான் வேண்டும். மெத்தென்ற ரப்பர், சின்னச் சின்ன அதிர்வை நன்றாகவே வாங்கிக்கொள்ளும். கல்லும் குழியும் தூக்கிப்போடுவதற்கு அதனிடம் மருந்து இல்லை. "ஒரிஜினல் கோட்டயம் ரப்பர்" என்று சொல்லி விற்பதை நம்பாதீர்கள். கேரளாவில் ரப்பர் மரம் இருக்கிறது என்பதற்காகக் கடையில் தொங்குவதெல்லாம் ரப்பர் ஆகிவிடாது. நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்து உடனே எழும்பினால் வாங்கலாம். பிளாஸ்டிக் நாற்றம் மூக்கில் ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆக்சிலேட்டர் பக்கத்துக் கிரிப்பின் துளை இடது பக்கத்தைவிடப் பெரிது, அடியில் பிளாஸ்டிக் குழாய் இருப்பதால். ஒரே அளவில் இரண்டைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

மாட்டும்போது பெட்ரோலோ ஆயிலோ ஊற்றி நுழைக்க விடாதீர்கள். ஸ்பிரிட்டோ, கை கழுவும் சானிடைசரோ போதும், தானே காய்ந்துவிடும். சோப்புத் தண்ணீர் போட்டால் மெட்டில் சாரல் அடிக்கும் நாளில் கிரிப் கையோடு சுழலும். ஆக்சிலேட்டர் பக்கம் கிரிப்புக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவில் ஒரு பத்து ரூபாய் நாணயம் நுழைய இடம் விடுங்கள். ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி திருப்பி வைத்து ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள். பட்டென்று தானே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்த வண்டியில் மலை ஏறக் கூடாது. கிரிப்பின் மேல் உறை போல மாட்டும் கவர்களை நான் சேர்ப்பதே இல்லை, அவை இந்த இடத்தில்தான் சதி செய்யும்.

ஹேண்டில் நுனியில் மாட்டும் பார் எண்ட் வெயிட் நல்ல பொருள். கனம் கூடினால் நுனி உதறுவது குறையும். ஆனால் எடை இருக்க வேண்டும். ஆன்லைனில் வரும் பளபள அலுமினியம் கையில் வைத்தால் காகிதம் மாதிரி இருக்கிறது. உங்கள் வண்டியின் பழைய வெயிட் எப்போதாவது கீழே விழுந்து தொலைந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் விஷயம் அங்கேயே முடிந்துவிடலாம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆள் ஆளுக்குத் தப்பு செய்கிறார்கள். இடது கை மட்டும் மரத்தால் நான் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. இரண்டு கையும் ஒரே கம்பியில்தான் இருக்கிறது. என்ஜின் இடது கையை மட்டும் பழிவாங்காது. அது கிளட்ச். கேபிள் காய்ந்துபோனால் லீவர் கட்டையாகிவிடும், கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அந்தக் கட்டையை நாலு விரலால் இழுக்கிறீர்கள். வலது கை ஆக்சிலேட்டரை விட முடியாமல் மரக்கும், அது வேறு. இடது கைக்குச் சும்மா இருக்க நேரம் உண்டு, இருந்தும் அது மட்டும் மரக்கிறது என்றால் கேபிளைக் கழற்றி எண்ணெய் விடுங்கள், அல்லது மாற்றுங்கள். இதற்கு ஜெல் கிரிப் போட்டவர்கள் உண்டு. கிரிப் தடித்து, விரல் லீவருக்கு எட்டாமல், வலி இன்னும் கூடியது.

கடைசியாக, இறங்கி அரை மணி நேரம் கழித்தும் மரப்பு போகாவிட்டாலோ, ராத்திரி தூக்கத்தில் விரல் மரத்து எழுந்தாலோ, மெக்கானிக்கை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். எந்தெந்த விரல் என்று கவனித்துச் சொல்லுங்கள். கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் ஒரு நரம்பு, சுண்டுவிரல் பக்கம் வேறு நரம்பு.

போல்ட்டை முறுக்கி, ஒரு வாரம் பிடியைத் தளர்த்தி ஓட்டிவிட்டு எழுதுங்கள். 900 ரூபாய் எங்கும் ஓடிவிடாது.