மோட்டார் தண்ணீர் அடிக்கவில்லையா? கேள்விகளும் பதில்களும்

கடலூர் முதுநகரில், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. ஐப்பசி பிறந்து ஆறுகளில் கலங்கல் வந்துவிட்டால் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: “தண்ணீர் அடிக்கவில்லை.” எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் மோட்டாரின் பக்கத்துத் துளையில் பீய்ச்சி வரவில்லை என்று அர்த்தம். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில், கேள்விகளை அனுப்பச் சொன்னேன். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: அண்ணா, என்னுடையது 9.9 குதிரைத்திறன் மோட்டார். கிளம்பும்போது பக்கத்துத் துளையில் தண்ணீர் நன்றாக அடிக்கிறது. அரை மணி நேரத்தில் நூல் போல மெலிந்துவிடுகிறது. நிறுத்திவிட்டு மறுபடி இயக்கினால் சரியாகிறது. இம்பெல்லர் போன மாதம்தான் மாற்றினேன்.

தம்பி, பழைய இம்பெல்லரைக் கழற்றியபோது அதன் இதழ்களை எண்ணிப் பார்த்தீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், தண்ணீர் போகும் வழி இது: புரொப்பல்லருக்கு மேலே, கியர் பெட்டியின் இரு பக்கமும் உள்ள சல்லடை வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. அதற்கு மேலே இருக்கும் பம்பில் இம்பெல்லர், அதாவது இதழ்கள் கொண்ட ரப்பர் சக்கரம், சுழன்று, செங்குத்தான குழாய் வழியாக எஞ்சின் தலைக்கு ஏற்றுகிறது. சிலிண்டரைச் சுற்றிவிட்டுப் புகையோடு கீழே இறங்கிக் கடலில் சேர்கிறது. அதில் ஒரு சிறு பங்குதான் பக்கத்துத் துளையில் நீங்கள் பார்ப்பது.

பழைய இம்பெல்லரின் இதழ் ஒன்று பிய்ந்து குழாய்க்குள் போயிருந்தால், தண்ணீரின் வேகத்தில் மேலே ஏறி ஒரு முடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். நிறுத்தினால் கீழே விழும். மறுபடி இயக்கினால் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான். சல்லடையில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பையும் இதே நாடகத்தை ஆடும். நிறுத்தியதும் அது தானே விலகிவிடும். அதனால் முதலில் சல்லடையைப் பாருங்கள், செலவில்லை. அடுத்து, பக்கத்துத் துளைக்குப் போகும் சிறு ரப்பர் குழாயை உள்ளே கழற்றி, மோட்டாரைத் தண்ணீரில் வைத்து மெலிந்துபோகும் வரை ஓட விடுங்கள். அப்போது குழாயில் வேகமாக வந்தால் அடைப்பு வெளித் துளையில். மீன்பிடி நைலான் நரம்பை விட்டுக் குத்தினால் போதும். குழாயிலேயே மெலிவாக வந்தால் கியர் பெட்டியை இறக்கி, மேலே போகும் குழாயில் மேலிருந்து கீழாகத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். போன வழியே எதிர்த் திசையில் தள்ளினால்தான் இதழ் வெளியே வரும்.

இன்னொன்று: இம்பெல்லரை மட்டும் மாற்றினீர்களா, அதன் அடியில் இருக்கும் எஃகுத் தகட்டையும் மேலே இருக்கும் கிண்ணத்தையும் பார்த்தீர்களா? நம் கடற்கரையில் படகைத் தள்ளி இறக்கும்போதும் கரையேற்றும்போதும் பம்ப் மணலைக் குடிக்கிறது. அந்த மணல் தகட்டில் வட்ட வட்டமாகப் பள்ளம் போட்டுவிடும். பள்ளம் விழுந்த தகட்டின் மேல் புது ரப்பரைப் போடுவது கிழிந்த பாயில் புது விரிப்பு விரிப்பது மாதிரி. விரல் நகத்தால் தடவுங்கள். நகம் தட்டுப்பட்டால் தகட்டையும் மாற்றுங்கள்.

வீராம்பட்டினத்திலிருந்து: இம்பெல்லரை நானே மாற்றினேன். இப்போது ஒரு சொட்டுத் தண்ணீரும் வரவில்லை. பழையதில் கொஞ்சமாவது வந்தது.

வெட்கப்பட வேண்டாம். தொழில் கற்ற முதல் வருடம் நானும் இதையே செய்தேன். என் குரு ஒரு வார்த்தை திட்டவில்லை. மேசையிலிருந்து ஒரு சின்ன ரப்பர் வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அவ்வளவுதான். பம்பின் தலையில் தண்ணீர்க் குழாய் நுழையும் இடத்தில் இருக்க வேண்டிய வளையம் அது. கியர் பெட்டியை மேலே ஏற்றும்போது குழாயின் நுனி அந்த வளையத்துக்குள் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பம்ப் இறைக்கும் தண்ணீர் முழுவதும் மோட்டாரின் இடுப்புக்குள்ளேயே கொட்டிவிடும்.

அது சரியாக இருந்தால் சாவியைப் பாருங்கள். இம்பெல்லரையும் தண்டையும் பிணைக்கும் சிறு உலோகத் துண்டைத்தான் சொல்கிறேன். பொருத்தும்போது அது நழுவி விழுந்திருந்தால் தண்டு சுழலும், இம்பெல்லர் சும்மா நிற்கும். பொருத்தும்போது இதழ்களில் சோப்புத் தண்ணீர் தடவி, மேலிருந்து பார்க்கையில் கடிகார முள் போகும் பக்கமாகத் தண்டைத் திருப்பிக்கொண்டே கிண்ணத்தை அழுத்த வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்பினால் இதழ்கள் தப்பாக மடியும்.

சரி பார்க்கிறேன் என்று தரையில் வைத்து இயக்கிவிடாதீர்கள். அந்த ரப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். வெறுமனே ஓடினால் அரை நிமிடம்கூடத் தாங்காது.

சுண்ணாம்பாற்றில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர்: தண்ணீர் நன்றாகவே அடிக்கிறது. ஆனாலும் எச்சரிக்கை ஒலி கேட்கிறது, வேகம் தானாகக் குறைகிறது. ஒலி தரும் கருவிதான் பழுதா?

கருவியின் மேல் பழியைப் போட எல்லோருக்கும் ஆசை. முதலில் தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ஓடவிடும் வால்வை, சந்தேகப்படுங்கள். பல மோட்டார்களில் பக்கத்துத் துளைக்கு வரும் தண்ணீர் தெர்மோஸ்டாட்டைக் கடந்து வருவதில்லை. பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. சிலிண்டர் தலையில் ஓட்டம் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. உப்பு ஏறி தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டால், வெளியே அருவி மாதிரி கொட்டும், உள்ளே வேகும்.

சோதிக்க ஓர் அடுப்பும் பழைய பாத்திரமும் போதும். சாம்பார்ப் பாத்திரத்தை எடுத்து வீட்டில் சண்டை வாங்காதீர்கள். தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். திறக்க வேண்டிய அளவு பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். சிலவற்றில் 50 டிகிரி செல்சியசை ஒட்டி, சிலவற்றில் 60-ஐ ஒட்டி. அந்தச் சூட்டில் வாய் திறக்காவிட்டால் புதியது வாங்குங்கள். மூடியின் போல்ட்டுகள் உப்பில் இறுகியிருக்கும். துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுங்கள். அவசரப்பட்டால் தலை முறிந்துவிடும், பிறகு தெர்மோஸ்டாட் விலையைவிட அந்த போல்ட்டை எடுக்கும் கூலி அதிகம்.

தாழங்குடாவிலிருந்து: நான் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன். சூடு பிரச்சினையே இல்லை. எதற்கு வீண் செலவு?

சூடாகாது, உண்மைதான். ஆனால் எஞ்சின் வேலை செய்யத் தேவையான சூடும் வராது. பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவரா நீங்கள்? அப்படியானால் நட்டம் இரட்டிப்பு. குளிர்ந்த சிலிண்டரில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. பிளக்கில் கரி படியும், பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். நடுக்கடலில் மாட்டிக்கொண்டு அன்றைக்குக் கரை சேரக் கழற்றினேன் என்றால் ஒப்புக்கொள்கிறேன். கரைக்கு வந்ததும் புதியதைப் போட்டுவிடுங்கள்.

நல்லவாட்டிலிருந்து: கடலில் இருக்கும்போது திடீரென்று தண்ணீர் நின்றால் என்ன செய்வது?

உடனே வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்கு வாருங்கள். பின்னோக்கி ஒரு சிறு தள்ளு கொடுங்கள். சல்லடையை மூடியிருப்பது பையோ, சொறி எனப்படும் ஜெல்லி மீனோ என்றால் அதிலேயே விலகிவிடும். அப்போதும் வரவில்லையா? நிறுத்திவிடுங்கள். மோட்டாரைத் தூக்கிச் சல்லடையைக் கையால் துடைத்து, பக்கத்துத் துளையில் நரம்பை விட்டுப் பாருங்கள். நரம்புக்கா நம் படகில் பஞ்சம்?

சூடேறிய எஞ்சின் தலையில் ஒரு வாளி கடல்நீரை ஊற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். செய்யவே செய்யாதீர்கள். அலுமினியம் வளைந்துவிடும். மூடியைத் திறந்து, அரை மணி நேரம் காற்றில் ஆறவிடுங்கள். பிறகு கயிற்றைக் கையால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால்தான் இயக்க வேண்டும். இயக்கியும் தண்ணீர் வராவிட்டால் பக்கத்துப் படகைக் கூப்பிடுங்கள். கயிறு கட்டி இழுத்து வருவதில் மானம் ஒன்றும் போகாது.

கெடிலம் கரையிலிருந்து: 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் மோட்டார் சேற்றில் கிடந்தது. எஞ்சினை அப்போதே திறந்து சரி செய்தாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து ஓயாமல் சூடாகிறது.

எஞ்சினைப் பார்த்தவர் தண்ணீர் வழியைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். வண்டல் சேறு சிலிண்டரைச் சுற்றியுள்ள சந்துகளில் படிந்து காய்ந்தால் களிமண் செங்கல் ஆவது போல ஆகிவிடும். பம்பின் அழுத்தம் அதைக் கரைக்காது. சிலிண்டர் தலை மூடியைக் கழற்றி, மரக்குச்சியாலும் தண்ணீராலும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கம்பியால் குடையாதீர்கள். மூடும்போது, கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் கேஸ்கெட் புதியதாக இருக்கட்டும். இது ஒரு நாள் வேலை. குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பெயர் சொல்லாத ஒருவர்: கழிப்பறை கழுவும் ஆசிட்டை உள்ளே விட்டால் உப்பு கரையுமா?

உப்பு கரையும். கூடவே அலுமினியமும் கரையும். வேண்டுமானால் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பையோ வினிகரையோ பயன்படுத்துங்கள், பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

சிங்காரத்தோப்பிலிருந்து: கடலுக்குப் போய் வந்து தினமும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் குடிக்கவே தண்ணீர் வரிசையில் நின்று பிடிக்கிறோம், ஐயா.

நியாயமான கேள்வி. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை நான்கு பேர் சேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். உப்புக் கரிக்காத கிணற்று நீர் போதும், குடிநீர் வேண்டாம். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, அதன் மேலே இருக்கும் தட்டையான தகட்டுக்கும் மேலே தண்ணீர் நிற்கும்படி மோட்டாரை இறக்கி, நியூட்ரலில், குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டுக் கழுவியாகிவிட்டது என்கிறார்கள். எஞ்சின் சூடேறித் தெர்மோஸ்டாட் திறந்த பிறகுதானே நல்ல தண்ணீர் தலை முழுவதும் சுற்றும்? அதற்கு முன் நிறுத்தினால் கீழே கழுவி, மேலே உப்பை விட்டுவைக்கிறீர்கள். புகை விழுந்து எண்ணெய்ப் படலம் கட்டினாலோ, நாக்கில் வைத்தால் உப்புத் தெரிந்தாலோ பீப்பாய்த் தண்ணீரை மாற்றுங்கள். தினமும் முடியாவிட்டால், நாலு நாள் கடலுக்குப் போகப் போவதில்லை என்று தெரிந்த நாளிலாவது கட்டாயம் செய்யுங்கள். மோட்டார் சும்மா கிடக்கும் நாளில்தான் உப்பு காய்ந்து இறுகுகிறது.

பனித்திட்டிலிருந்து: அலையில் படகு எகிறும்போது மட்டும் மோட்டார் அலறுகிறது, பிறகு சூடாகிறது.

மோட்டாரை உயரமாக மாட்டியிருக்கிறீர்கள். புரொப்பல்லருக்கு மேலுள்ள அந்தத் தகடு படகின் அடிப்பகுதியோடு சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் சல்லடை காற்றைக் குடிக்கும். நீளம் குறைந்த 15 அங்குல மோட்டாரை படகின் 20 அங்குலப் பின்பலகையில் மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பரங்கிப்பேட்டையிலிருந்து: இம்பெல்லரை எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்றுவது?

வருடத்துக்கு ஒன்று. மணலில் ஏற்றி இறக்கும் படகு என்றால் ஆறு மாதத்தில் திறந்து பாருங்கள். இதழ்கள் நிமிராமல் வளைந்தே நின்றால் அதன் காலம் முடிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான் என்றாலும், அந்தச் சமயத்தில் பட்டறையில் கூட்டம் இருக்கும். அதற்கு முன்பே வந்துவிடுங்கள். வரும்போது, போன முறை கழற்றிய பழைய இம்பெல்லர் வீட்டில் எங்காவது கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள், இதழ்களை எண்ண வேண்டும்.