கிளினிக்கில் 158, வீட்டில் 132: எந்த பி.பி.யை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 54. கிளினிக்கில் பார்த்தால் பி.பி. 158/94 என்கிறார்கள். வீட்டுக் கருவியில் 132/82 தான் வருகிறது. மூன்று தடவை பார்த்து, குறைவாக வந்ததை எழுதி வைக்கிறேன். எனக்குக் கை கொஞ்சம் பருமன்; கிளினிக்கில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால் ஒட்டு பிரிந்துகொள்கிறது. டாக்டர் மாத்திரை தொடங்கச் சொல்கிறார். தொடங்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு எண்களையுமே நான் அப்படியே ஏற்க மாட்டேன். கிளினிக் எண் கூடுதலாக வரக் காரணம் இருக்கிறது. வீட்டு எண்ணை நீங்களே குறைத்துவிட்டீர்கள்.

ஒட்டு பிரிகிறது என்கிறீர்களே, முதல் கோளாறு அதில்தான். பட்டைக்குள் இருக்கும் ரப்பர் பை, கையின் சுற்றளவில் ஏறக்குறைய 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். பை சிறியதானால் அழுத்தம் ரத்தக்குழாயை முழுசாக எட்டாது. அதை அமுக்க அதிகக் காற்று அடிக்க வேண்டிவரும். அந்த அதிகம் உங்கள் பி.பி.யாகக் கணக்கில் ஏறிவிடும். 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக 5 கூடியது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கோ கிட்டத்தட்ட 20 கூடியது. மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதையே மாற்றிவிடக்கூடிய வித்தியாசம் இது. தையல் டேப்பை எடுத்து, தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி அளந்து பாருங்கள். 34 செ.மீ.க்கு மேல் இருந்தால், “சிஸ்டர், பெரிய பட்டை போடுங்கள்” என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டுக் கருவியின் பட்டையிலும் எத்தனை செ.மீ. கைக்கு என்று அச்சிட்டிருக்கும், அதையும் சரிபாருங்கள்.

ஜாக்கெட் கை இறுக்கமாக இருந்தால் அதைச் சுருட்டி மேலே ஏற்றக் கூடாது, கயிறு கட்டியது போலாகிவிடும். துணியின் மேலும் பட்டையைச் சுற்றக் கூடாது. அன்றைக்குத் தளர்வான கை வைத்த உடையில் போங்கள். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கட்டும்.

அடுத்தது கை இருக்கும் உயரம். பட்டை இதயத்தின் மட்டத்துக்கு வர வேண்டும். 10 செ.மீ. கீழே இறங்கினால் 7 அல்லது 8 கூடும். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே போகப் போகக் குழாயில் அழுத்தம் ஏறுவது போலத்தான் இதுவும். மடியில் கையை வைத்தாலும் பக்கவாட்டில் தொங்கவிட்டாலும் இதே தப்பு நேரும். நீங்களே கையைத் தூக்கிப் பிடித்தால் தசை இறுகி அதுவும் கூட்டும். மேசை தாழ்வாக இருந்தால் அடியில் ஒரு தலையணையோ கனமான ஃபைலோ வைக்கச் சொல்லுங்கள்.

டோக்கன் கூப்பிட்டதும் மாடியேறி வந்து, முதுகுச் சாய்வில்லாத ஸ்டூலில் உட்கார்ந்த உடனே எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. அரை மணி நேரம் முன்பிருந்தே காபி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் உட்காருங்கள். அளக்கும்போது யாராவது “சுகர் எவ்வளவு?” என்று கேட்டால் முடிந்த பிறகு பதில் சொல்லுங்கள். பேச்சு மட்டுமே பத்து புள்ளி வரை ஏற்றிவிடும்.

ஒருமுறை இரண்டு கையிலும் பார்த்துவிட்டு, எதில் கூடுதலோ அந்தக் கையையே பிறகு எப்போதும் காட்டுங்கள். முதல் அளவு பெரும்பாலும் உயர்ந்தே வரும். ஒரு நிமிடம் விட்டு இன்னொன்று எடுத்து இரண்டுக்கும் சராசரி பார்க்க வேண்டும். ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பவர் காற்றை விநாடிக்கு 2 புள்ளி வீதம் நிதானமாக இறக்க வேண்டும். வேகமாக இறக்கினால் மேல் எண் குறைந்தும் கீழ் எண் கூடியும் காட்டும்.

இனி உங்கள் நோட்டுக்கு வருவோம். குறைந்ததைப் பொறுக்கி எழுதுவதை இன்றோடு விடுங்கள். மேலே சொன்ன முறையிலேயே ஏழு நாள், காலையில் சாப்பிடுமுன் இரண்டு, இரவு சாப்பிடுமுன் இரண்டு என்று வந்ததை வந்தபடி எழுதுங்கள். முதல் நாளை அடித்துவிட்டு மீதி 24 அளவுகளுக்குச் சராசரி போடுங்கள். நோட்டோடு கருவியையும் கிளினிக்குக்கு எடுத்துப் போய், அங்குள்ள கருவியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். சரியான பட்டையில் திரும்பத் திரும்பப் பார்த்தும் 10-க்கு மேல் வித்தியாசம் வந்தால் வீட்டுக் கருவியை மாற்ற வேண்டியதுதான்.

இதய நோய், சிறுநீரகக் கோளாறு, பக்கவாதம் எதுவும் இல்லையென்றால் 158/94-க்கு இந்த ஒரு வாரம் காத்திருக்கலாம். உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இடையில் 180/120-ஐத் தொட்டால் அன்றே அவரைப் பாருங்கள். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வீட்டுச் சராசரி 135/85-க்குக் கீழே நின்றால், கிளினிக்கில் மட்டும் ஏறுகிற பி.பி.யாக இருக்கலாம். மாத்திரை உடனே வேண்டுமா என்பதை உங்கள் சுகர், கொழுப்பு, சிறுநீரகச் சோதனைகளையும் வைத்து டாக்டர் முடிவு செய்வார். வருடம் ஒருமுறையாவது இந்த ஏழு நாள் கணக்கை மறுபடி எடுங்கள். மேல், கீழ் இரண்டில் ஒன்று அந்த எல்லையைத் தொட்டாலும், அவர் எழுதித் தந்த மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள்.