கண்ணில் குறை இல்லை, ஆனால் படி தெரியவில்லை: கேள்வி பதில்

நான் கண் பார்வைப் பரிசோதகர். பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நோய் உள்ளவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். தூரமும் ஆழமும் பிடிபடாமல் அவர்கள் தடுமாறுவது பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

செல்வி: மேடம், அம்மாவுக்கு அல்சைமர். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்கிறார் கண் டாக்டர். ஆனால் டம்ளரை எடுக்கப் போனால் கை பக்கத்தில் துழாவுகிறது. வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடியில் காலே வைக்க மாட்டேன் என்கிறார். பிடிவாதமா?

பிடிவாதம் இல்லை செல்வி. அந்த மிதியடி அவருக்குப் பள்ளமாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். பள்ளம் என்று தெரிந்தால் நீங்களும் நானும்கூடத்தான் கால் வைக்க மாட்டோம்.

நம் கண்கள் சுமார் 6 செ.மீ. தள்ளித் தள்ளி இருப்பதால், இரண்டும் ஒரே பொருளைச் சற்றே வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடுவது தலையின் பின்புறம் உள்ள மூளைப்பகுதி. கையை எவ்வளவு நீட்ட வேண்டும் என்று முடிவுசெய்வது அதற்குச் சற்று மேலே உள்ள பகுதி. அல்சைமர் அங்கே பரவினால், கண் டாக்டரின் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படிப்பவருக்கும் பக்கத்தில் இருக்கும் டம்ளர் எட்டாது. நிழலையும் நிறத்தையும் வைத்து நாம் ஆழத்தை ஊகிக்கிறோமே, அதுவும் தப்பும். கறுப்பு பள்ளமாகும், பளபளக்கும் டைல்ஸ் தண்ணீராகும்.

மிதியடியை எடுத்துவிடுங்கள். எவர்சில்வர் தட்டில் எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். அடர் நிற டம்ளர் வாங்குங்கள். வெள்ளைத் தட்டில் தயிர் சாதம் வைத்தால் பாதியை விட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள், நாம் பசியில்லை என்று நினைத்துக்கொள்வோம். வாழை இலையிலோ நீலத் தட்டிலோ ஒருநாள் வைத்துப் பாருங்கள். தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள்.

குமார்: அப்பாவுக்குப் பார்க்கின்சன். பேப்பர் படிக்கும்போது எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடுகிறது.

கிட்டப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்ப வேண்டும். பார்க்கின்சனில் அது பலருக்குக் குறையும். படிப்பதற்கு மட்டும் பிரிசம் (இரண்டு பிம்பத்தையும் ஒன்றாகச் சேர்க்க ஒளியைத் திருப்பும் லென்ஸ்) வைத்த கண்ணாடி பலருக்கு உதவுகிறது. பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரை சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து இரட்டையாகத் தெரிகிறது என்று குறித்துவையுங்கள். மருந்தின் வேகம் குறையும் நேரத்தில் மோசமானால் நரம்பியல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்புறம், இவர்கள் கண் சிமிட்டுவதும் குறைவு. கண் உலர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: எனக்கு 58 வயது. முப்பரிமாணப் பார்வைச் சோதனையில் மதிப்பெண் குறைவு. டிமென்ஷியா (மறதி நோய்) வருமோ என்று பயமாக இருக்கிறது.

அந்த ஒரு மதிப்பெண்ணை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. பார்க்கின்சன் உள்ளவர்களில் இந்தச் சோதனையில் பின்தங்குபவர்கள், படம் வரைவது, இடம் கணிப்பது போன்ற அறிவுத்திறன் சோதனைகளிலும் சராசரியாகப் பின்தங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி, உங்கள் ஜாதகம் இல்லை. சிறுவயது மாறுகண், சோம்பேறிக் கண், ஒரு கண்ணில் மட்டும் கண்புரை, இரண்டு கண்ணின் பவரில் பெரிய வித்தியாசம் எல்லாமே மதிப்பெண்ணைக் குறைக்கும். முதலில் இவற்றைப் பாருங்கள்.

ரஹீம்: அத்தாவுக்குப் பார்க்கின்சன். நிலைப்படி வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். பிசியோதெரபிஸ்ட் தரையில் குறுக்கே டேப் ஒட்டினார். இப்போது அதைத் தாண்டித் தாண்டி நடக்கிறார். டிமென்ஷியா உள்ள பெரியம்மா வீட்டிலும் ஒட்டலாமா?

வேண்டாம். உங்கள் அத்தாவுக்கு அந்தக் கோடு காலடிக்கு ஒரு குறி. தானாக வர வேண்டிய நடை சிக்கும்போது, கண்ணால் பார்த்து எடுத்துவைக்கும் அடி வேறு வழியாக வருகிறது. பெரியம்மாவுக்கோ அதே கோடு விளிம்பாகவோ பிளவாகவோ தோன்றலாம். வாசல் கதவு முன்னால் தரையில் அடர் நிறக் கோடுகள் போட்டு, டிமென்ஷியா உள்ளவர்கள் வெளியே போகாமல் தடுக்க முடியுமா என்றே சோதித்திருக்கிறார்கள். ஒரே டேப், நோய் வேறு, பலனும் வேறு.

அனிதா: அக்காவுக்கு 57. ஞாபகமெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் படிக்கும்போது வரி தொலைந்துபோகிறது, காரை நிறுத்தும்போது இடிக்கிறார். கண்ணாடியை மாற்றி மாற்றி அலுத்துவிட்டது.

இனி கண்ணாடி மாற்ற வேண்டாம், நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். மூளையின் பின்பகுதி மட்டும் முதலில் சுருங்கும் ஒரு நோய் உண்டு. 1988-ல் ஃபிராங்க் பென்சன் என்ற நரம்பியல் மருத்துவர் அதை விவரித்தார். பெரும்பாலும் காரணம் அல்சைமர்தான், ஆனால் ஆரம்பத்தில் நினைவு பாதிக்கப்படாமல் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராச்செட்டுக்கு 2007-ல் இதைக் கண்டறிந்தபோது வயது 59. தட்டச்சு செய்ய முடியாமல் போன பிறகும் சொல்லச் சொல்ல எழுதவைத்து நாவல்களை முடித்தார். உங்கள் அக்காவுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. பரிசோதனை முடியும்வரை கார் ஓட்ட வேண்டாம்.

தேவி: வீட்டுக்காரருக்குப் பார்க்கின்சன் என்றார்கள். ஆனால் ஆரம்பத்திலிருந்தே பின்பக்கமாக விழுகிறார், கீழே பார்க்கவே கஷ்டப்படுகிறார்.

இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் பார்க்கின்சன் போலவே தோன்றும் பிஎஸ்பி (புராகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி) என்கிற வேறு நோயாக இருக்கலாம். கண்ணைக் கீழே இறக்க முடியாததால் படி தெரியாது. டாக்டரிடம் இந்த இரண்டு விஷயத்தையும் முதலில் சொல்லுங்கள்.

முருகன்: வீட்டு மாடிப்படிக்கு என்ன செய்யலாம்?

டிமென்ஷியா உள்ளவர் வீட்டில் சமதளத்தில் கோடு வேண்டாம், ஆனால் படியின் விளிம்பில் அவசியம் வேண்டும். எல்லாப் படிக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பட்டை ஒட்டுங்கள், கடைசிப் படியையும் விடாமல். மேலேயும் கீழேயும் சுவிட்ச், இரண்டு பக்கமும் கைப்பிடி. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் போடும் புராகிரசிவ் கண்ணாடியின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. அதன் வழியே பார்த்தால் பாதமும் படியும் மங்கும். நடப்பதற்குத் தூரப்பார்வை மட்டும் உள்ள கண்ணாடி ஒன்று தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.