கார்ட்டூன் பளிச், சினிமா மங்கல்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, புதுசா 4கே டிவி வாங்கியிருக்கோம். பிள்ளைங்க பார்க்குற அனிமேஷன் படம் கண்ணைப் பறிக்குது. நடிகர்கள் நடிச்ச படம் போட்டா மங்கலா இருக்கு. டிவியில கோளாறா?

பதில்: டிவி நன்றாகத்தான் இருக்கிறது. கணினியில் செய்த படத்துக்கு நடுவே லென்ஸ் என்று ஒன்று கிடையாது. மங்கலோ தூசியோ அதில் தெரிந்தால், யாரோ வேலை மெனக்கெட்டுச் சேர்த்ததாக இருக்கும். நிஜ முகத்தை க்ளோசப்பில் எடுக்கும்போது கண் இமை துல்லியமாக இருந்தால் காது கொஞ்சம் கரைந்திருக்கும். பெரும்பாலும் அது ஒளிப்பதிவாளர் விரும்பிச் செய்தது. கடைக்காரர் ஓட்டிக் காட்டும் கார்ட்டூனை வைத்து டிவியை எடை போடாதீர்கள். இருட்டறைக் காட்சி ஒன்று, முகம் ஒன்று போடச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: அப்படின்னா அனிமேஷன்லதான் ரெசல்யூஷன் அதிகமா சார்?

பதில்: ரெசல்யூஷன் என்றால் படத்தில் எத்தனை புள்ளிகள் என்பது. அதில் பல சமயம் நேர்மாறு. 1995-இல் வந்த 'டாய் ஸ்டோரி' ரெண்டர் செய்யப்பட்டது, அதாவது கணினியில் படமாக உருவாக்கப்பட்டது, 1536 x 922 புள்ளிகளில். புளூரேவின் 1920 x 1080-ஐ விடவே குறைவு. அப்புறமும் வெகுகாலம் பல அனிமேஷன் படங்களை 2கே-யில்தான் (அகலத்தில் சுமார் 2000 புள்ளி, 4கே-யில் பாதி) முடித்தார்கள். அகலமும் உயரமும் இரண்டு மடங்கானால் புள்ளிகள் 4 மடங்காகும், ஒரு ஃபிரேமுக்கே, அதாவது ஓடும் படத்தின் ஒற்றைப் படத்துக்கே, கணினி மணிக்கணக்கில் உழைக்க வேண்டும். அப்படிப்பட்ட படத்தைப் பெரிதாக்கித்தான் 4கே டிஸ்கில் தருகிறார்கள். அதில் நமக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் எச்டிஆர் வண்ணம், அதாவது வெளிச்சமும் இருட்டும் நிறமும் இன்னும் விரிவாகத் தெரிவது.

நடிகர்கள் நடித்த பழைய படத்தைப் பாருங்கள்: 1962-இல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 65 மி.மீ. அகலப் பிலிமில் எடுத்தது. அந்த நெகட்டிவை 8கே-யில் ஸ்கேன் செய்து, 2012-இல் 4கே-யாகப் புதுப்பித்தார்கள். கானல் நீருக்குள் ஒரு கரும்புள்ளி நடுங்கி நடுங்கி, மெல்ல ஒட்டகமும் ஆளுமாகத் திரளும் காட்சியைப் பெரிய திரையில் பாருங்கள். 60 வருடத்துக்கு முந்தைய பிலிமுக்குள் இவ்வளவு இருந்ததா என்று தோன்றும்.

கேள்வி: பழைய படத்துல எறும்பு ஊர்ற மாதிரி புள்ளி புள்ளியா தெரியுது. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டா போயிடுது. அப்படியே விட்டுடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்தப் புள்ளிகளுக்கு கிரெயின் என்று பெயர். பிலிமில் உருவம் பதிவதே அந்தத் துகள்களாகத்தான். அவற்றைத் துடைத்தால் தோலின் சொரசொரப்பும் துணியின் நெசவும் சேர்ந்தே போய்விடும். 2010-இல் வெளியான 'பிரிடேட்டர்' புளூரேயில் இப்படித்தான் துடைத்தார்கள், முகங்கள் மெழுகுபொம்மை ஆகிவிட்டன. கையால் வரைந்த பழைய அனிமேஷனையும் பிலிமில்தான் படம்பிடித்தார்கள். அங்கே துடைத்தால் ஓவியனின் கோடே மெலிந்து, இடையிடையே அறுந்துபோகும்.

கேள்வி: ஓடிடியில கார்ட்டூன் வானம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையா வருதே?

பதில்: அது பேண்டிங். 8 பிட் என்றால் ஒரு நிறத்தின் வெளிச்சத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. தரவைக் குறைக்க அழுத்தும்போது இன்னும் மோசமாகும். பிலிம் படத்தில் கிரெயின் அந்தப் படிகளை மறைத்துவிடும். வழவழப்பான கார்ட்டூன் வானத்தில் மறைக்க ஒன்றுமில்லை. அதே படம் 4கே எச்டிஆரில் இருந்தால் அதைப் பாருங்கள், அது 10 பிட்.

கேள்வி: மோஷன் ஸ்மூத்திங் அனிமேஷனுக்காவது நல்லதா அண்ணா?

பதில்: அனிமேஷனுக்குத்தான் அது கூடவே கூடாது தம்பி. அசைவு வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிய டிவி செய்யும் வேலைதான் மோஷன் ஸ்மூத்திங். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். கையால் வரைவதில் பெரும்பாலும் ஒரே ஓவியம் இரண்டு ஃபிரேமுக்கு நிற்கும், ஆக நொடிக்கு 12 ஓவியம். 2018-இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்' இதையே கதைக்குப் பயன்படுத்தியது. காட்டுக்குள் வலை வீசித் தாவும் காட்சியில் அனுபவசாலி பீட்டருக்கு 24, புதிதாகக் கற்கும் பையன் மைல்ஸுக்கு 12. பையனின் தடுமாற்றம் அந்த வெட்டு வெட்டான அசைவில்தான் இருக்கிறது. டிவி நடுவில் புது ஃபிரேம்களைத் தானாகச் செருகினால் அது மழுங்கிவிடும். மெனுவில் ஃபில்மேக்கர் மோட் இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டாலே ஸ்மூத்திங் நின்றுவிடும்.