கன்வென்ஷன் முடிந்ததும் அனல் தணிந்தால்

பரிசுத்த ஆவியானவர் உங்களை விட்டுப் போகவில்லை. மார்த்தாண்டத்தில் கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டத்துக்குப் போய் அழுது ஜெபித்தேன், ஒரு வாரத்தில் எல்லாம் அணைந்துவிட்டது என்கிறீர்கள். அணைந்தது பெரும்பாலும் கூட்டத்தின் உற்சாகம்தான். நம்மூர் அடுப்பில் காய்ந்த ஓலை படபடவென்று எரிந்து அடங்கும். கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, கனன்றுகொண்டே கிடக்கும்.

பைபிளில் லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பலிபீடத்து நெருப்பு அவியக்கூடாது. அதற்கு ஆசாரியன் காலைதோறும் விறகு வைக்க வேண்டும், சாம்பலையும் அள்ள வேண்டும். இந்தச் சாம்பல் வேலையைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

ஒரு வாரம், காலையில் செல்போனைத் தொடுமுன் பைபிளில் சங்கீத புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துப் பாருங்கள். அப்புறம், சாம்பல் அள்ளும் வேலை: சபையில் யாரோடாவது பேச்சில்லாமல் இருக்கிறீர்களா? அதை முதலில் சரிசெய்யுங்கள்.

தூக்கமும் பசியும்கூடப் போயிருந்தால், ஜெபக்குறைவு என்று உங்களையே நொந்துகொள்ளாமல் டாக்டரையும் பாருங்கள்.