குடிலும் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுக்கு ஏழு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நவம்பர் முடிவதற்குள்ளேயே, வெளிநாட்டிலிருந்து மாமா என்ன அனுப்புவார் என்ற பேச்சுத்தான் வீட்டில் நடக்கிறது. நத்தாரின் உட்பொருளை இந்த வயதில் எவ்வாறு உணர்த்துவது?
– ஒரு தாய், கல்லடி

பதில்: பரிசை எதிர்பார்ப்பது பிள்ளைகளின் குற்றமாகாது. காத்திருக்கும் நாட்களில் வேறு வேலை எதுவும் அவர்கள் கையில் இல்லாததால் மனம் பொதியைச் சுற்றியே வருகிறது. இந்த வயதுக்கு விளக்கவுரையைவிடக் கைவேலையே பொருந்தும். நத்தாருக்கு முந்திய ஆயத்த வாரங்களான திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளுக்கும் மூன்று ஊதா மெழுகுதிரிகளையும், மூன்றாம் ஞாயிற்றுக்குரிய இளஞ்சிவப்புத் திரி ஒன்றையும் வைத்து, மாலைச் செபத்தின்போது பெரியவர் ஒருவர் ஏற்ற, பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வரட்டும்.

இயேசு பாலன் பிறந்த காட்சியைக் காட்டும் குடிலை 24ஆம் திகதி அவசர அவசரமாகக் கட்டி முடிப்பதை நான் விரும்புவதில்லை. குரோஷியா, ஹங்கேரி போன்ற நாடுகளில் டிசம்பர் 13ஆம் திகதி, புனித லூசியாள் திருநாளன்று, கோதுமையைத் தட்டில் விதைத்து நத்தாருக்குப் பச்சைப் பயிராக எடுத்து வைப்பார்கள். பெரும்போக வயல்கள் பச்சை பிடித்து நிற்கும் மாதத்தில் நாம் கோதுமையைத் தேடத் தேவையில்லை. ஒரு பிடி விதைநெல்லை ஒரு நாள் ஊறவிட்டு, நீரை வடித்து, ஈரச் சாக்குத் துண்டில் கட்டி வைத்தால் ஓரிரு நாளில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். அதைச் சேற்றுமண் நிரப்பிய சிரட்டைகளில் பிள்ளைகளே தூவி, தினமும் விரல்களால் நீர் தெளித்து வந்தால், நத்தாருக்கு முதல்நாள் விரலுயரப் பயிர் குடிலின் வாசலில் நிற்கும். அப்பப்பாவோ அம்மப்பாவோ வயல் செய்தவராக இருந்தால் இந்தப் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள். அவருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இதைவிட நல்ல பேச்சுப்பொருள் கிடைக்காது. பிரான்சிஸ் அசிசியார் 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் குடில் அமைத்தபோதும் வைக்கோல், தீவனத் தொட்டி, மாடு, கழுதை என ஊரார் நாளும் காண்பவற்றையே கொண்டு வரச் செய்தார்.

தொட்டி 24ஆம் திகதி இரவு வரை வெறுமையாக இருக்கட்டும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் பாலன் சுரூபத்தை இளைய பிள்ளை வைக்கட்டும். நித்திரையாகிவிட்டால் விடிந்ததும் வைக்கலாம். பாலனைக் காண வந்த மூவரசரின் சுரூபங்களைத் தூரத்து யன்னல் படியில் நிறுத்தி, நாளுக்குச் சற்று நகர்த்தி, மரபுப்படி அவர்களின் திருநாளாகிய ஜனவரி 6ஆம் திகதி குடிலுக்குக் கொண்டு சேருங்கள். மாமாவின் பொதியில் ஒன்றையும் அன்றைக்கென்று எடுத்து வைத்தால், எல்லாப் பரிசுகளும் ஒரே காலையில் பிரிக்கப்பட்டு மாலையில் மறக்கப்படும் நிலை வராது.

கேள்வி: என் கணவரின் தம்பி 2004 சுனாமியில் இறந்தார். ஆண்டுதோறும் நத்தாருக்கு மறுநாள் எங்கள் வீடு துக்கத்தில் மூழ்கிவிடுகிறது. ஆறு வயது மகன் காரணம் கேட்கிறான். மறைப்பது நல்லதா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: மறைக்க வேண்டாம், சகோதரி. பெரியவர்களின் முகம் திடீரென்று வாடுவதைக் காணும் பிள்ளை, தானே ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். இலங்கையில் அந்த அனர்த்தத்தில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே என்பதால், உங்கள் மகனின் வகுப்பிலும் இதே கேள்வியோடு பிள்ளைகள் இருக்கக்கூடும். 26ஆம் திகதி வரும்வரை காத்திராமல், குடில் கட்டும் நாட்களிலேயே சித்தப்பாவின் படத்தை எடுத்துக் காட்டி, அவர் எப்படிப்பட்டவர், நத்தாருக்கு எந்தப் பலகாரத்தை விரும்பி உண்பார் என்று சொல்லுங்கள். கடல் அவரைக் கொண்டுபோனதை அதன் பிறகு இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லலாம். கடல் மறுபடியும் வருமா என்று கேட்டால் ஒருபோதும் வராது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அன்று இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை முறை இருக்கவில்லை, இன்று இருக்கிறது, நிலம் பலமாக அதிர்ந்தாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ நாங்கள் எல்லோரும் சேர்ந்து மேட்டுக்குப் போய்விடுவோம் என்று சொல்வதே அவனைத் தேற்றும். இதற்காக 25ஆம் திகதியின் மகிழ்ச்சியை அடக்கிவிடவும் வேண்டாம்.

கேள்வி: பலகார வேலையில் சிறு பிள்ளைகளைச் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, கல்முனை

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம், கொதிக்கும் தாச்சியின் பக்கம் மட்டும் விடாதீர்கள். பயற்றம் பணியாரத்துக்குச் சீனிப்பாகு சேர்த்த மா சூடு ஆறியதும் உருண்டை பிடிக்கக் கொடுங்கள். கோணலானவற்றையும் வீட்டுக்கு வருவோருக்கு வைக்க வேண்டும். கேக்குக்குப் பிராந்தி சேர்க்குமுன் பிள்ளைகளின் பங்கை வேறாக எடுத்து, அதில் கஜுவைத் தூளாக இடித்துப் போடுங்கள். முழுக் கஜு ஐந்து வயதுக்குட்பட்டோரின் தொண்டையில் சிக்கக்கூடும். தேன் சேர்ந்த எதையும், சுட்ட கேக்காக இருந்தாலும், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் அடுப்புச் சூட்டுக்கும் அழிவதில்லை.